பச்சைத் துணி கட்டிய விரல்

பள்ளிக்கூடத்துக் கம்பிவேலியின் இடைவெளியில் பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். சினிவா அந்தக் கையைப் பார்த்துத்தான் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையைக் கொடுப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். எத்தனையோ வருஷமாக இதே வழக்கம். சீமைப்பலா மரத்தடியில் அடுப்பு, அதன்மேல் எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் ஒரு போசி நிறைய சூடான கோக்கோ. இடைவேளை மணி அடித்ததும் வேலி நெடுக கைகள் முளைக்கும். நகம் கடித்த கை, மை அப்பிய கை, தேங்காய்ச் சிரட்டை மோதிரம் போட்ட கை, மணிக்கட்டில் மரு இருக்கிற கை. கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தலைமையாசிரியர் ஃபலானிகோவின் சுண்டுவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கு மீசை உண்டா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

"உன் பொண்டாட்டிக்குக் கழுத்துல எலும்பு கிடையாதா?" என்று அவள் புருஷன் தனியேலுவை மீன்பிடிக்கப் போகிற இடத்தில் கேலி செய்வார்கள்.

"இருந்துச்சு. ஒருநாள் உங்க மூஞ்சியையெல்லாம் பாத்துட்டா. அன்னிக்குக் குனிஞ்சவதான்" என்பான் தனியேலு.

உண்மையில் அவள் குனிந்தது அதற்கும் வெகுகாலம் முன்னால். சவாயி தீவின் வடகரையில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பிள்ளை எழுந்து நின்று வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்பிக்க வேண்டும். சினிவாவுக்கு அது மனப்பாடம். எழுந்து நின்றாள். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. வாயில் இருந்த ஈரம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாத்தியார் கெட்டவர் இல்லை. "சத்தம் போடாதீங்க, அவ மெதுவா சொல்லட்டும்" என்றார். வகுப்பே மூச்சுவிடாமல் காத்திருந்தது. அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை புத்தகப்பைக்குப் பதிலாகக் கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் கிழங்குத் தோட்டத்துக்குப் போனாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்ட வீடு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு டிசம்பர் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடம் மூடுகிற கடைசி நாள் நன்றி வழிபாடும் பரிசளிப்பும் இருக்கும். படிப்பை முடிக்கிற பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேர் காதில் விழுந்ததும் அந்தக் குடும்பம் மாலையும் கையுமாக ஓட வேண்டும். பூமாலை இல்லை. பளபளக்கும் தாளில் மிட்டாயைச் சுற்றிச் சுற்றி, முடிச்சுக்கு முடிச்சு நாடா கட்டிய மிட்டாய் மாலை. அதைச் சும்மா போட்டுவிட்டு வந்தால் ஆகாது. ஊர் பார்க்க ஆடிக்கொண்டே போய்ப் போட வேண்டும்.

மூத்த பையன்கள் இரண்டு பேருக்கும் மாலை கட்டியது சினிவா. ஆடியது எசேத்தா. எசேத்தா தனியேலுவின் அக்கா. கூட்டம் கூடினால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. மாலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டிக் கோழி மாதிரி ஆடுவாள். போதகர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சினிவா அத்தனையையும் அடுப்புக்குப் பின்னால் இருந்து பார்ப்பாள். நிம்மதியாக இருக்கும்.

இந்த வருஷம் கடைக்குட்டி மகள் லூபேயின் முறை.

கடைசி வாரம் வந்தது. காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி ஒருநாளும் ஓயவில்லை. ஃபலானிகோவுக்கு நினைவூட்டல் என்றால் ஒரு தரம் சொல்லித் திருப்தி வராது. "நாளைக்குப் பொம்பளப் பிள்ளைங்க ஈர்க்குமாறு கொண்டு வரணும். ஆம்பளப் பசங்க வெட்டுக்கத்தி. போன தடவ கத்தி கொண்டு வந்துட்டுக் கல்லு கொண்டு வரல. மொண்ணக் கத்தியால புல்லு வெட்ட முடியாது, புல்லத் தடவிக் குடுக்கத்தான் முடியும். நூலகப் புத்தகத்த வீட்ல வச்சிருக்கிறவங்க திருப்பித் தாங்க. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வெள்ளச் சட்ட. வெள்ளன்னா வெள்ள. மஞ்சளாப் போன வெள்ள இல்ல."

சினிவா சட்டியில் மாவை விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். ஒருநாள் மாலைகளைப் பற்றிய நினைவூட்டல் வந்தது.

"பெத்தவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், வீட்ல போய்ச் சொல்லுங்க. போன வருஷம் ஒவ்வொரு பேருக்கும் ஓடி வந்து ஆடி, வழிபாடு முடியறப்போ கோழி அடஞ்சிருச்சு. இந்த வருஷம் பேரு கூப்பிடறப்போ யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கடைசில பிள்ளைங்க மைதானத்துல வரிசையா நிப்பாங்க. மணி அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல போய் மாலையப் போட்டுட்டு, ஆடறத ஆடிட்டு வீட்டுக்குப் போங்க."

ஒரே நேரத்தில் என்றால் தன்னைத் தனியாக யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சினிவாவுக்கு முதலில் பட்டது. பிறகுதான், தனக்கும் இதற்கும் என்ன, எசேத்தா அல்லவா போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியமே எசேத்தா தோளில் பெரிய பையோடு மரத்தடிக்கு வந்து நின்றாள்.

"சினிவா, ரெண்டு உருண்டை குடு. படகுக்கு நேரமாச்சு."

"எங்க மதினி கெளம்பிட்டீங்க?"

"ஆக்லாந்துக்கு. படகுல போய்த்தான் ப்ளேன் புடிக்கணும். என் மகளுக்கு அடுத்த மாசம்னு சொன்ன பிரசவம் இப்பவே வருதாம். அந்தக் கழுத ஃபோன்ல அழுவுறா. போகாம இருக்க முடியுமா?"

சினிவாவின் கரண்டி சட்டியிலேயே நின்றது. "அப்போ லூபேக்கு?"

"லூபேக்கு என்ன? நீ செத்தா போயிட்ட? உசுரோட அடுப்படியிலதான இருக்க."

"எனக்கு வராது மதினி."

"ஏண்டி, நீ பெத்துப் பெத்துப் போட்டதுக்கெல்லாம் நானே ஆடிக்கிட்டு இருக்கணுமா? இதப் பாரு. இந்தக் காலு, அந்தக் காலு. அவ்வளவுதான். மிச்சத்தக் கூட்டம் பாத்துக்கும்." எசேத்தா பையைத் தோளில் இருந்து இறக்காமலே நடுரோட்டில் நொண்டிக் கோழி ஆட்டத்தை ஆடிக் காட்டினாள். அந்த வழியாக வந்த பேருந்து ஒலியெழுப்பியது. அதற்கும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அதிலேயே ஏறிப் போய்விட்டாள். சட்டியில் இருந்த உருண்டைகள் கருகியதைச் சினிவா அப்புறம்தான் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் லூபே கையில் ரத்தத்தோடு வந்தாள். புல் வெட்டப் போன பையன்கள் நிழலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொறுக்காமல் ஒருவனிடமிருந்து கத்தியைப் பிடுங்கி இவளே வெட்டியதில் இடது கட்டைவிரலில் கீறல். சினிவா தன் பழைய பச்சை இடுப்புத்துணியின் ஓரத்தை நீளமாகக் கிழித்துச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ நீளம்மா இது? ஊருக்கே கட்டலாம் போல" என்றாள் லூபே. பிறகு கேட்டாள். "அத்த போயிட்டாங்களாமே. மால யாரு போடுவா?"

சினிவா விரலைப் பார்த்தபடி சொன்னாள். "தெலேசியா அம்மாகிட்ட குடுத்து விடலாம்னு நெனச்சேன். அவங்க எப்பிடியும் தெலேசியாவுக்குப் போட வருவாங்கல்ல."

லூபே கையை இழுத்துக்கொண்டாள். "குடுத்து விடறதுக்கு அது என்ன கருவாடா?"

"லூபே."

"நீ போட்டாப் போடு. இல்லாட்டி நான் வெறுங்கழுத்தோட நிக்கிறேன். வேற யாராச்சும் கொண்டு வந்து போட்டாங்கன்னா அங்கேயே கழட்டி நாய்க்குப் போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

"நாய்க்கு மிட்டாய் குடுக்கக் கூடாது. பல்லு போயிடும்" என்றான் தனியேலு, வலையைத் தைத்துக்கொண்டே. ஒருவரும் சிரிக்கவில்லை. "நான் போடட்டுமா?" என்றான் கொஞ்சம் பொறுத்து.

"நீ அன்னிக்குப் போதகர் வீட்டு அடுப்புக்குப் பன்னி வெட்டணும். சபைல ஏற்கனவே சொல்லியாச்சு" என்றாள் லூபே. எல்லாவற்றையும் யோசித்து வைத்துத்தான் பேசுகிறாள் என்று சினிவாவுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு சினிவா ஓரிடத்தில் உட்காரவில்லை. மாலை கட்ட உட்கார்ந்தால் துணி காயப்போட்டது நினைவுக்கு வரும். துணி எடுக்கப் போனால் மழை தூறும். உள்ளே வந்தால் மிட்டாய்ப் பையில் எறும்பு ஏறியிருக்கும். பையைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தாள். அடுத்தநாள் அந்தத் தட்டில் தானே தடுக்கி விழுந்தாள். சிவப்புத் தாளில் கட்டிய மாலை முடிந்தது. நீளம் போதாதென்று பட்டது. பிரித்து மறுபடி கட்டினாள். இப்போது நீளம் அதிகமோ என்று தோன்றியது. கட்டைவிரல்களில் நாடா அறுத்த கோடுகள் விழுந்தன.

சாயங்காலம் யாரும் இல்லாத சமயம், கொல்லையில் துணி காயப்போடுகிற கம்பத்துக்கு அந்த மாலையைப் போட்டுப் பார்த்தாள். கம்பத்துக்குப் போடுவது சுலபமாகத்தான் இருந்தது. இந்தக் கால், அந்தக் கால் என்று எசேத்தா சொன்னபடி வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பன்றி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சினிவாவுக்கு அதன் முன்னாலும் கால் வரவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் மறுபடியும் ஒலிபெருக்கி. நாளை வரும் பெற்றோர் வரிசையைக் கலைக்கக் கூடாது, தங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குரல் தனக்காகவே பேசுவதுபோல் சினிவாவுக்கு இருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் ஒத்திகைக்கு நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே நீலப் பாவாடை, ஒரே வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்துப் பின்னிய ஒரே மாதிரிப் பின்னல். இத்தனை தூரத்தில் எது லூபே? சூரிய வெளிச்சத்தில் ஒரு கையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஆ, அதோ. சினிவாவுக்கு மூச்சு வந்தது. பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். வேறு எதையும், வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

பரிசளிப்பு நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. சினிவா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. வெள்ளை உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். மாலை ஒரு பிளாஸ்டிக் பையில். பிரசங்கம் நீண்டது. பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். ஃபலானிகோ நன்றியுரையிலும் நூலகப் புத்தகத்தை விடவில்லை. பேர்களைக் கூப்பிட்டார்கள். லூபேயின் பேர் வந்தபோது சினிவாவின் கை தானாகப் பையை இறுக்கிப் பிடித்தது. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எல்லாரும் முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நேரம் அடக்கிவைத்த கூட்டம் எப்படிப் புறப்படும் என்று ஃபலானிகோ யோசித்திருக்கவில்லை.

பள்ளிக்கூட மணியாக மரத்தில் தொங்கும் பழைய எரிவாயு உருளையை இரும்பால் அடித்ததுதான் தாமதம். அணை உடைந்தது. அத்தைகள், மாமாக்கள், அப்பியாவிலிருந்து வந்தவர்கள், ஆக்லாந்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு மேல் மாலைகளைத் தூக்கிக்கொண்டு, கூவிக்கொண்டு ஓடினார்கள். சினிவாவை யாரோ முழங்கையால் இடித்தார்கள். அந்த இடியில்தான் அவள் கால் கிளம்பியது. குனிந்தே போனாள். சேறு படிந்த செருப்புகள், சுழலும் பாவாடைகள், மிதிபட்ட மிட்டாய்கள். நடுவில் வரிசையாகப் பிள்ளைகளின் கைகள். சிரட்டை மோதிரம். மரு. நகம் கடித்தது. பச்சைத் துணி.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முகம் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணின் கழுத்தில் அதற்குள் மூக்குவரை மாலைகள் குவிந்திருந்தன. நம்ம பிள்ளைக்கு இத்தனை பேரா என்று ஒரு கணம் சினிவாவுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. சிவப்பு மாலையை மேலே போட்டு, கன்னம் எங்கே என்று தேடி முத்தம் கொடுத்தாள்.

மாலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அத்த, நான் தெலேசியா."

சினிவா பின்வாங்கினாள்.

"லூபே அந்தப் பக்கம் நிக்கிறா அத்த. ஈர்க்குமாறு புடிச்சுப் புடிச்சு எனக்குக் கொப்புளம் வந்துச்சு. அவதான் அவ துணில பாதிய கிழிச்சுக் குடுத்தா."

தெலேசியா படகுத்துறைக் கடைக்காரர் மகள். அவளுக்கு அங்கே மாலைக்குப் பஞ்சமில்லை. சினிவா அத்தனை நாள் கட்டிப் பிரித்துக் கட்டியது கடலில் பெய்த மழை ஆகிவிட்டது. தெலேசியா கழற்றித் தரப் பார்த்தாள். அவள் அம்மா அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள். கழுத்தில் விழுந்த மாலையை அந்த மைதானத்தில் யாரும் திருப்பி எடுத்ததில்லை. எடுத்தால் கொடுத்தவளுக்கும் மரியாதை இல்லை, வாங்கியவளுக்கும் இல்லை.

வரிசையின் அந்தக் கோடியில் லூபே நின்றாள். வெறுங்கழுத்து. அவளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கட்டைவிரலில் பச்சைத் துணி, பாதி அகலத்தில்.

சினிவா அங்கே போய் நின்றாள். கையில் காலிப் பை. அதை மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள். அக்கம்பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் விஷயம் புரிந்து ஒவ்வொருவராக நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். அதே காத்திருப்பு. சினிவாவுக்கு வாயில் இருந்த ஈரம் போனது. வேலி இருந்த திசை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் மரத்தடி.

கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. அவள் இந்தக் காலை வைத்தாள். பிறகு அந்தக் காலை.

எசேத்தாவின் ஆட்டம் மாதிரி அது இல்லை. கைகள் மாவு பிசைவதுபோல் போயின. சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டே ஆடினாள். யாரோ ஒரு கிழவர் விசில் அடித்தார். யாரோ "தனியேலு பொண்டாட்டிடா" என்றார்கள். கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாகப் போயிற்று. இன்னும் சில அடி ஆடிவிட்டு, லூபே என்ன நினைக்கிறாள் என்று பார்க்க நிமிர்ந்தாள்.

லூபே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கழுத்து மடங்க, தாடை மார்பில் படும்படி குனிந்து, அம்மாவின் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. வீட்டில் அப்படி வாய் பேசுகிறவள்.

சினிவா விரலால் அவள் தாடையைத் தூக்கினாள்.

"போதும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் லூபே பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். நீ மொதல்ல என்னப் பாரு."

"மால எங்க?"

"தெலேசியாவுக்குப் போட்டுட்டேன்."

லூபே வரிசையின் அந்தக் கோடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா, பெத்த மகள உனக்கு அடையாளம் தெரியலையா?"

"துணியப் பாத்து வந்தேன்."

"துணிய" என்றாள் லூபே. அதற்குமேல் பேச முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சினிவா செருப்பைத் தேடப் போனாள்.

மறுநாள் சினிவா மரத்தடியோடு சேர்த்துப் பள்ளிக்கூட வாசலையும் பெருக்கும்போது சிவப்புத் தாள்கள் வேலியோரம் கிடந்தன. தெலேசியாவின் தம்பிகள் தின்றுவிட்டுப் போட்டிருக்கிறார்கள். தான் கட்டிய முடிச்சுகளை அடையாளம் கண்டு, அவற்றையும் குப்பையோடு கூட்டி அள்ளினாள்.

இப்போது மாலையை மறுபடியும் பேர் கூப்பிடும்போதே போடுகிறார்கள். ஃபலானிகோ அந்த விதியை அந்த ஒரு வருஷத்தோடு விட்டுவிட்டார். எசேத்தா ஆக்லாந்திலிருந்து திரும்பவில்லை. லூபே படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். சினிவா அதே மரத்தடியில் உருண்டை பொரிக்கிறாள். அதன்பிறகு அவள் எங்கேயும் ஆடவில்லை. வேலியில் நீளும் கைகளைத்தான் இப்போதும் பார்க்கிறாள். படகுத்துறைக்குப் போனால் மட்டும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள்.